சீருடைக்கென்று வாங்கிய கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

காலை ஐந்தரைக்குத் துப்புரவு ஷெட்டில் மஸ்டர். பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிடுகிறது. நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். வராத மூவரில் இருவருக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. காய்ச்சல்காரிகளும் அதே காதுகுத்துக்குத்தான் போயிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

பத்து மணிக்கு சுகாதார அலுவலர் ஞானசிகாமணி சார் கூப்பிட்டனுப்பினார். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து ஊர்க் குப்பை மொத்தமும் கம்பெனிக்குப் போகிறதாம். தெருவிளக்கு போன வருஷமே போயிற்று. தண்ணீர்த் தொட்டிகள் அதற்கும் முன்பே போயின. என் வீட்டுக்காரர் சாகிற வரைக்கும் பார்த்த தொட்டி வேலையை இப்போது ஏதோ ஏஜென்சி ஆள் பார்க்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் நகராட்சிக்குக் கட்டடமும் போர்டும்தான் மிஞ்சும் போலிருக்கிறது.

"செண்பகம்மா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க பர்மனென்ட். கம்பெனி ஒழுங்கா செய்யுதான்னு பார்க்குறதுதான் இனிமே ஒங்க வேலை" என்றார் சார். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா தினக்கூலி ஆளுங்க நாப்பத்திரண்டு பேரும் இருபத்தஞ்சாந்தேதிக்குள்ள கம்பெனி பேப்பர்ல கையெழுத்துப் போட்டாகணும். ஒங்க சொல்லைத்தான் கேப்பாங்க. நடக்கலைன்னா மேல இருந்து என்னையக் கேப்பாங்க, நான் ஒங்களக் கேக்கணும். தேவையில்லாம எங்கயாவது வடக்க தூக்கிப் போட்டுருவாங்க."

மகள் சுகந்திக்கு ஆறாம் மாதம். பிரசவத்துக்கு என்னிடம்தான் வந்திருக்கிறாள். மாமியார் இல்லாத வீடு அவளுக்கு. நான் வடக்கே போய்விட்டால் யார் பார்ப்பது?

ஜூன் 12, வியாழன்

மாதிரிச் சீருடை வந்தது. பச்சைப் பேண்ட், ஆரஞ்சுச் சட்டை, முதுகில் கம்பெனி பேர், தலைக்குத் தொப்பி. மேஜைமேல் பரப்பி வைத்தேன். பெண்கள் இருபத்தெட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

"இது ஆம்பளைகளுக்குத்தானக்கா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"எல்லாருக்குந்தான்."

"எனக்குமா?"

"ஒனக்குந்தான். நீ என்ன மகாராணியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் புடவைமேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டியவர்கள். "எங்க சம்பந்தக்காரவுக தெரு வழியாத்தான் வண்டி போகுது. இந்தக் கோலத்துல என்னையப் பார்த்தா நாளைக்கு மகள எப்படி அங்க அனுப்புவேன்?" என்றாள்.

குருவம்மாளும் நானும் பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் எனக்கு வாரிசு வேலை, நிரந்தரம். அவள் புருஷன் குடித்துக்கொண்டு உயிரோடு இருப்பதால் அவள் இன்னும் தினக்கூலி. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். "அண்ணன் போயி ஒங்களுக்கு வேலையக் குடுத்தாரு. எங்காளு இருந்து எனக்குத் தலவலியத்தான் குடுக்குது." பத்து வருஷத்துக்கு மேல் தினக்கூலியாக இருப்பவர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று சென்னைக்குப் போயிருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டியலை என் கையால்தான் எழுதினேன். முதல் பேர் அவளுடையது.

ஜூன் 16, திங்கள்

நான்கு நாளாக ஷெட்டில் இதே பேச்சு. பேண்ட்டா, புடவையா? ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி வேலையை விடுகிறேன் என்கிறாள். சித்திரைச்செல்வி மட்டும், இருபத்தாறு வயசு, "போட்டாத்தான் என்ன, ஊரே போடுது" என்று வாய்கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கும் வருத்தம்தான். புடவையில் ஒரு மரியாதை இருக்கிறது என்று சாரிடம்கூடச் சொன்னேன். முந்தானை வண்டிச் சக்கரத்தில் மாட்டும் என்று விதி இருக்கிறதாம்.

பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். சுகந்தி மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். வேறொன்றும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

கையெழுத்து முடிந்தது. நாற்பத்திரண்டும்.

மாதாமாதம் சோப்பும் தேங்காய் எண்ணெயும் கொடுத்து என் நோட்டில் கையெழுத்து வாங்குவேன் இல்லையா, அதே மேஜை, அதே வரிசை. இந்த முறை சோப்பு, எண்ணெய், இரண்டு செட் சீருடை. நோட்டில் ஒன்று, கம்பெனித் தாளில் ஒன்று என்று இரண்டு கையெழுத்து. கம்பெனித் தாள் நான்கு பக்கம், பொடி எழுத்து. கடைசிப் பக்கத்தில்தான் கையெழுத்து என்பதால் அந்தப் பக்கத்தைத் திருப்பியே வைத்திருந்தேன். நானும் முழுதாகப் படிக்கவில்லை.

குருவம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு, "இது எதுக்குக்கா?" என்றாள்.

"சீருடை வாங்கிக்கிட்டதுக்கு."

"நீங்க படிச்சுட்டீங்கல்ல?"

"படிச்சாச்சு, போடு."

போட்டாள். அவள் அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்க அரை நிமிஷம் ஆகும். பின்னால் நின்றவர்கள் கேலி செய்தார்கள்.

சார் போனில், "செண்பகம்மான்னா செண்பகம்மாதான்" என்றார். வரும் வழியில் அரைக் கிலோ விளைமீன் வாங்கினேன். சுகந்திக்கு வாடையே பிடிக்கவில்லை, நானும் சாப்பிடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கம்பெனி வந்துவிட்டது. புதுப் பேட்டரி வண்டிகள், ஒலிபெருக்கி, ரிப்பன் வெட்ட ஒரு கூட்டம்.

பெண்கள் வீட்டிலிருந்து புடவையில் வந்து ஷெட்டில் மாற்றிக்கொள்கிறார்கள். மாற்ற இடம்? அதை யாரும் யோசிக்கவில்லை. நான்கு பேர் நான்கு மூலையில் நின்று இரண்டு புடவைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள், நடுவில் ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ப் பேண்ட் மாட்டினாள். குருவம்மாள் கடைசியாக வெளியே வந்தாள். இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஷெட் சுவரை ஒட்டியே நடந்து போய் வண்டியில் ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. நான் நகராட்சி ஊழியர், எனக்குப் புடவை உண்டு. இனி அந்த ஷெட்டில் புடவையோடு வேலை பார்ப்பவள் நான் ஒருத்திதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது, நானே எழுதிவிடுகிறேன்.

ஜூலை 5, சனி

மேலத் தெருவில் சாக்கடை அடைப்பு. ஒரு பெரியவர் என்னை வழிமறித்தார். "நகராட்சியில போயி சொன்னா கம்பெனியக் கேளுங்கிறான். கம்பெனிக்குப் போன் போட்டா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்கிறான். நான் வரி கட்டுறது யாருக்கும்மா?" செல்போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். இப்போது என் வேலை அதுதான்.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும்.

குருவம்மாள் வண்டியிலிருந்து குதித்தாள். குதித்தாள் என்றுதான் எழுத வேண்டும். துண்டைக் காணோம். பேண்ட் பைக்குள் கையை விட்டுச் செல்போனை எடுத்தாள், இன்னொரு பைக்குள் விட்டு வெற்றிலையை எடுத்தாள், பின்பக்கம் தட்டிப் பேருந்துச் சில்லறையைக் காட்டினாள்.

"பை இருக்குதுக்கா! நாலு பை! நாப்பத்தேழு வருசமா இடுப்புல சொருகிச் சொருகித் தொலச்சேனே!"

"சம்பந்தக்காரவுக பார்த்தாகளா?"

"பார்த்தாக. அந்த மதினி, எங்க வாங்குனீக, தோட்டத்துக்குப் போட்டுப் போக நல்லாருக்கும்னு கேக்குறா."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குனிந்து கூட்டும்போது முந்தானையை இழுத்துச் சொருக வேண்டியதில்லையாம். மழையில் கால் தட்டாதாம். சித்திரைச்செல்வி, நான் அன்றைக்கே சொன்னேன் பார் என்று எல்லாரையும் ஒரு சுற்று திட்டித் தீர்த்துக்கொண்டாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான்கு வாரமாகப் புடவைக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அது பாதுகாப்பான வருத்தமாக இருந்தது, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. அது போய்விட்டது, ஆனாலும் நெஞ்சில் பாரம் குறையவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சுகந்திக்கு வளைகாப்பு. ஷெட்டிலிருந்து பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் பட்டோ பட்டு மாதிரியோ கட்டிக்கொண்டு. எனக்கே ஓரிருவரை அடையாளம் தெரியவில்லை. குருவம்மாள் புளிசோறு ஒரு அண்டா செய்துகொண்டு வந்தாள். முதல் வளையலை யார் போடுவது என்று பேச்சு வந்தபோது நான் தாலியில்லாதவள் என்று ஒதுங்கி நின்றேன். குருவம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "பெத்தவ போடாம வேற எவ போடுறது? போடுங்கக்கா, எவ என்ன சொல்றான்னு நான் பார்க்குறேன்." போட்டேன்.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் விளக்க உட்கார்ந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, குருவம்மாளின் அண்டாவை மட்டும் மூன்று முறை தேய்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தெரிந்துவிட்டது.

நிரந்தரப் பட்டியலில் இருப்பவர்களிடம் ரேஷன் கார்டு நகல் கேட்கிறார்கள் என்று வேறு ஊரில் வேலை பார்க்கும் யாரோ சொல்லி, குருவம்மாள் இன்று நகலோடு நகராட்சிக்குப் போயிருக்கிறாள். அவள் பேர் பட்டியலில் இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பேரும் இல்லை. கிளார்க் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்து இரண்டாம் பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். இதுநாள் வரை நகராட்சியில் செய்த பணிக்கு எந்த உரிமையும் கோர மாட்டேன், கம்பெனியில் இன்று முதல் புதிதாகச் சேர்கிறேன், சம்மதம். கீழே அவளுடைய கையெழுத்து.

மூன்று மணிக்கு ஷெட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பதினாறு வருசம்க்கா. நான் வேலையே செய்யாத மாதிரி எழுதிருக்கான். பாத்தீங்களா அவனுக வேலைய? ஒங்களையும் ஏமாத்திட்டானுகளே."

நான் ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜூன் 23 அன்று, 'நானும் முழுதாகப் படிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இந்த டைரியை என்னைத் தவிர ஒரு ஜீவன் தொடுவதில்லை. யாரை ஏமாற்ற அதை எழுதினேன்?

ஜூன் 22 ஞாயிறு மத்தியானம், சுகந்தி தூங்கியபோது, கீரையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தத் தாளைப் படித்தேன். நான்கு பக்கத்தையும். இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை. புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. முதல் பேர் குருவம்மாளுடையது என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது.

படித்துக் காட்டியிருந்தால் யாரும் போட்டிருக்க மாட்டார்கள், கம்பெனி வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்திருக்கும், இவர்களுக்கு இருந்த கூலியும் போயிருக்கும். இது ஒரு காரணம், நல்ல காரணம்கூட. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இது எனக்குத் தோன்றவில்லை. அன்று தோன்றியது டிரான்ஸ்பர் ஒன்றுதான். இந்தக் காரணத்தை நான் ஜூலையில் கண்டுபிடித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சுகந்திக்குக் கால் வீக்கம். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். ரசம் சப்பென்று இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெண்களும் ஆண்களுமாக நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் வாய்மொழியாகப் புகார் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் 10 விசாரணை. மேற்பார்வையாளர் என்ற முறையில் நானும் வர வேண்டுமாம். சார் தனியாகக் கூப்பிட்டார். "படிச்சேன்னு சொன்னா ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. சஸ்பென்ஷன் வரைக்கும் போகும். படிக்கலைன்னா கவனக்குறைவு, ஒரு மெமோவோட முடிஞ்சுரும். நான் ஒண்ணும் சொல்லல, ஒங்க இஷ்டம்."

செப்டம்பர் 10, புதன்

அலுவலர் ஒரு பெண். சின்ன வயசு, கறாரான பேச்சு. கம்பெனி ஆள் தாளைக் காட்டினான். எல்லாரும் சுயமாகப் போட்ட கையெழுத்து என்றான். அலுவலர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே கையெழுத்து வாங்கினது? இதுல என்ன இருக்குன்னு அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்."

"படிக்கவே இல்லையா?"

"சீருடைக்குன்னு சொன்னாங்க. அதனால படிக்கல."

படிக்காமல் எப்படி நாற்பத்திரண்டு பேரிடம் வாங்கினீர்கள், பொறுப்பு வேண்டாமா என்று அவர் சத்தம் போட ஆரம்பித்தார். குருவம்மாள் எழுந்து நின்றாள்.

"அவுக மேல குத்தம் இல்லம்மா. அவுகளுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்ககிட்ட சொல்லிருப்பாக. பதினாறு வருசமா எங்களுக்குச் சோப்புக் கட்டியக்கூட எண்ணித் தந்தவுக. அவுகளத் திட்டாதீக."

அலுவலர் விட்டுவிட்டார். எழுத்து மூலமாக மனு கொடுங்கள், கையெழுத்தை எப்படி வாங்கினார்கள் என்று தெளிவாக எழுதுங்கள், 23-ஆம் தேதி பார்க்கலாம் என்றார். ஏமாற்றி வாங்கியது என்று நிரூபித்தால் அந்தத் தாள் செல்லாது, பட்டியலில் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுத முடியும் என்றும் சொன்னார். நிரூபிக்க முடியாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லையாம்.

வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்த வேலிக்காகப் பயிரே வாதாடியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

குருவம்மாள் வீட்டுக்கு வந்தாள். மனுவை நான்தான் எழுதித் தர வேண்டுமாம். "வக்கீல் எழுதுனா எங்களுக்குப் புரியாது. ஒங்க எழுத்து முத்து முத்தா இருக்கும்." என்னவெல்லாம் எழுத வேண்டும் என்று விரல்விட்டுச் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"பேண்ட்டு வேணாம்னு மட்டும் எழுதிராதீங்க. பேண்ட்டு இருக்கட்டும். வேலதான் நகராட்சி வேலையா இருக்கணும்."

செப்டம்பர் 16, செவ்வாய்

மனு எழுதினேன். 'கம்பெனியார் எங்களை ஏமாற்றி' என்று ஆரம்பித்தேன். கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். நான் மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் குருவம்மாள்தான் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், வேலையிலிருந்து நேராக வந்த அதே ஆரஞ்சுச் சட்டையில். ஆஸ்பத்திரியில் கூட்டும் ஆள் என்று நினைத்து ஒரு நர்ஸ் அவளை வராந்தா துடைக்கச் சொல்லியிருக்கிறாள். "துடச்சுட்டேன்க்கா, சும்மாதான உக்காந்திருந்தேன்" என்றாள். குழந்தையை முதலில் வாங்கியதும் அவள்தான்.

பிரசவம் முடிந்துவிட்டது. இனி எந்த ஊருக்குத் தூக்கிப் போட்டாலும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது. சஸ்பென்ஷன் என்றால் பாதிச் சம்பளம், ஊர்ப் பேச்சு, விசாரணை. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா?

செப்டம்பர் 21, ஞாயிறு

மறுபடி எழுதினேன். இரண்டு பக்கம். கிழிக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. பெண்கள் உடை மாற்றிப் புடவையில் நின்றார்கள், ஆண்களும் காத்திருந்தார்கள். நான் மனுவை மேஜையில் வைத்தேன். குருவம்மாள் பேனாவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"எந்த எடத்துலக்கா போடணும்?"

"உக்காரு. படிக்கிறேன், கேட்டுட்டுப் போடு."

"நீங்க எழுதுனதுக்கு என்னத்தப் படிக்கிறது? ரெண்டே கால் பஸ்ஸு போயிரும்."

"உக்காருன்னா உக்காரு."

நான் அதட்டியதில் எல்லாருமே உட்கார்ந்துவிட்டார்கள். நின்றுகொண்டு படித்தேன். எத்தனை வருஷ வேலை, எந்தெந்தத் தெரு, கொரோனாவில் செத்துப் போன இருவரின் பேர், எல்லாம் வந்தது. தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். பிறகு அந்த வரிக்கு வந்தேன்.

"'மேற்படித் தாளை மேற்பார்வையாளர் செண்பகவல்லி முந்தைய நாளே முழுதாகப் படித்து, இரண்டாம் பக்கத்தில் உள்ளதைத் தெரிந்துகொண்ட பிறகும் எங்களிடம் மறைத்து, சீருடை வாங்கியதற்கு என்று பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.'"

குருவம்மாள் பேனாவை மூடினாள்.

"அந்த எடத்த இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"கேசு செயிக்கிறதுக்காக இப்படி எழுதிருக்கீங்களா?"

"இல்ல. நடந்ததுதான்."

"படிச்சுட்டுத்தான் வாங்குனீங்களா?"

"ஆமா."

அவள் மூடிய பேனாவை மேஜைமேல் வைத்தாள். "அன்னைக்கு அந்தம்மாகிட்ட ஒங்களுக்காக எந்திரிச்சுப் பேசுனேனே. அப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நேற்றே நினைத்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. சித்திரைச்செல்வி எழுந்து, "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? ஒன் பேத்தி..." என்று ஆரம்பித்தாள். குருவம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பச்சப்புள்ளய இழுக்காத. மொதல்ல கையெழுத்துப் போடுங்க எல்லாரும்."

காற்றில் தாள் பறந்தது. நான் மூலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள், இன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. அவளுக்குப் பிறகு நாற்பத்தொரு பேர் போட்டார்கள். ரெண்டே கால் பஸ் போய்விட்டது. மனுவை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, குருவம்மாள் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு. நீங்களும் வந்து இத ஒங்க வாயால அந்தம்மாகிட்ட சொல்லணும், மேடம்."

வருகிறேன் என்றேன்.